அட்ரீனல் கட்டியும் அதைக் காட்டும் படமும்

தோட்டங்களில் வாழும் நம் பாட்டாளி மக்களிடையே இரத்தக் கொதிப்பு என்னும் சொல்லை அறியாதார் இலர். 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பெற்ற தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10 பேருக்கு 3 பேர் இந்நோய் உடையவராய் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர். உப்பைக் குறைத்தல், புகையையும் மதுவையும் விடுத்தல், மாத்திரையைத் தவறாது உட்கொள்ளல் ஆகியவற்றைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால் இவையனைத்தையும் ஒழுங்காகச் செய்தும், மூன்று வகை மாத்திரைகளை உண்டும், கொதிப்பு இறங்காதோர் சிலர் உளர். அவர்களுள் ஒரு சாராருக்கு நோயின் வேர் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் ஒரு சிறு சுரப்பியில் இருக்கின்றது. அச்சுரப்பியில் தோன்றும் கட்டியை மருத்துவர்கள் படமெடுத்து ஆராயும் முறையை இங்குக் காண்போம்.

அட்ரீனல் எனப்படும் இச்சுரப்பிகள் இரண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் ஒன்று தொப்பிபோல் அமைந்துள்ளது. எடை 4 அல்லது 5 கிராம்தான். இவை சுரக்கும் நீர்களுள் ஆல்டோஸ்டிரோன் என்பது, உடலில் உப்பைத் தேக்கிவைத்துப் பொட்டாசியம் என்னும் சத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும் பணியைச் செய்கிறது. சுரப்பியில் கட்டி தோன்றி, இந்நீர் அளவின்றிச் சுரக்குமாயின், உப்பு தேங்கிக் கொதிப்பு ஏறும். 1955இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கோன் இதனை விளக்கியதால் இதற்குக் கோன் நோய் என்னும் பெயரும் வழங்கலாயிற்று. கொதிப்புடையோரில் 100க்கு 5 முதல் 10 பேர் வரை ஆல்டோஸ்டிரோன் மிகையால் துன்புறுவர் என்பது மருத்துவர் கணிப்பு. அதே அளவு கொதிப்புடைய பிறரைவிட இவர்களுக்குப் பக்கவாதமும் இதயக் கேடும் மிகுதியாக நேர்கின்றன. ஆதலின் காரணத்தைக் காலத்தே கண்டறிதல் இன்றியமையாதது.

பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், கெண்டைக்கால் பிடித்திழுக்கும், இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழ நேரிடும். விடியுமுன் எழுந்து மரம் சீவி, காண்டா வாளி சுமப்பவருக்குக் கால் ஓய்ந்துபோவது புதிதன்று. எனவே வேலைக் களைப்பென்று எண்ணித் தைலம் தடவிப் படுத்துவிடுவது இயல்பே. கொதிப்பும் உடையவருக்கு இத்தளர்ச்சி கண்டால், அதை மருத்துவரிடம் விடாமல் சொல்லவேண்டும். பொட்டாசியம் குறையாமலே இந்நோய் இருப்பவரும் பலர்; 40 வயதுக்கு முன்னரே கொதிப்பு வந்தவர்களும் இச்சோதனை தமக்குத் தேவையா என்று கேட்பது தக்கது.

முதலில் எடுக்கப்படுவது படமன்று, இரத்தம். ஆல்டோஸ்டிரோனும் ரெனின் என்னும் மற்றொரு பொருளும் எந்த அளவில் உள்ளன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பர். ஐயம் உறுதியான பின்னரே சி.டி. ஸ்கேன் எனப்படும் குறுக்குவெட்டுப் படம் எடுக்கப்படும். ஆங்கிலப் பொறியியலாளர் காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டு அமைத்த இக்கருவியால் 1971இல் இலண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இப்பணிக்காக 1979இல் அவரும் ஆலன் கார்மக்கும் நோபல் பரிசு பெற்றனர். ரொட்டியை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல் உடலின் உட்புறத்தை இப்படம் காட்டும். எக்ஸ்ரே கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை எண்ணாலும் சொல்லும். நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கொழுப்புக்கு ஏறத்தாழக் கழித்தல் 100.

இவ்வெண் பெரிதும் பயன்படுகிறது. தீங்கற்ற அட்ரீனல் கட்டிகள் பலவற்றில் கொழுப்பு நிறைந்திருக்கும். மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் கட்டியின் எண் சீராக 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது புற்றுநோயன்று எனத் துணியலாம். எண் உயர்ந்து, கட்டியும் 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டிருந்தால் ஐயத்துடன் நோக்குவர். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் ஒருவர் சிறுநீரகக் கல்லுக்காகப் படமெடுக்கச் செல்ல, எதிர்பாராது அட்ரீனலில் கட்டி இருப்பது தெரியவருவதும் உண்டு. கட்டி என்றதும் கலங்கவேண்டுவதில்லை. இவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும் அது சுரக்கிறதா என்று சோதித்தே ஆகவேண்டும். திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு ஆகியவற்றை உண்டாக்கும் வேறொரு வகைக் கட்டியும் இச்சுரப்பியில் தோன்றும். அதைச் சோதித்தறியாமல் ஊசி குத்துவதும் அறுப்பதும் உயிருக்கே ஆபத்தாகும்.

படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அது கட்டியின் உருவத்தைக் காட்டும். எந்தச் சுரப்பி மிகையாகச் சுரக்கிறது என்பதைக் காட்டாது. நம் தொழிலிலிருந்தே இதை விளங்கிக்கொள்ளலாம். பருத்த மரமே மிகுந்த பால் தரும் என்று எவரேனும் சொன்னால் சீவிப் பழகியவர் சிரிப்பார். மங்கைப் பார்த்தல்லவா சொல்லவேண்டும்! 950 நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளை 2009இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, அவர்களுள் 359 பேருக்குப் படம் சொன்னதும் இரத்தம் சொன்னதும் ஒத்துவரவில்லை. படத்தை மட்டும் நம்பினால் நல்ல சுரப்பியை எடுத்துவிட்டு நோயுற்றதை விட்டுவைக்கவும் நேரலாம். ஆகவே அறுவைக்கு முன் தொடையின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, இரு சுரப்பிகளின் இரத்தத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுகின்றனர். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மங்கு வைப்பது போன்ற இவ்வேலை எளிதன்று. வலப்புறக் குழாய் சிறிதாகையால் கைதேர்ந்தவர்க்கும் தவறுவதுண்டு.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கும் உண்டென்பது மகிழ்ச்சிக்குரியது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எலீனா அசீசான், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களுடன் இணைந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்டோஸ்டிரோன் கட்டிகளுள் ஒரு வகையை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் இரண்டு எடுத்துக்காட்டப்பட்டன. அவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. படத்திற் கண்ணுக்குத் தப்பக்கூடியவை. அதன்பின், சுரக்கும் இடத்தையே ஒளிரச் செய்யும் மெட்டோமிடேட் என்னும் கதிரியக்க மருந்தைக் கொண்டு எடுக்கும் படத்தை இங்கிலாந்தில் 143 நோயாளிகளிடம் சோதித்தனர். குழல்முறைக்கு அது தாழ்ந்ததன்று என 2023இல் வெளியான முடிவு கூறிற்று. ஆயினும் அம்மருந்தின் கதிர்வீச்சு 20 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஆக்கும் பொறி அருகிலேயே இருந்தாலன்றிப் பயன்படுத்த இயலாது.

ஒரு சுரப்பி மட்டுமே காரணமானால், சிறு துளைகளின் வழியே அதனை அகற்றுவர். எஞ்சிய ஒன்றே உடலுக்குப் போதும். அறுவை செய்துகொண்டோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மாத்திரையே தேவையற்றுப் போகிறது. ஏனையோரில் பலருக்கு மாத்திரை குறைகிறது. இரண்டும் மிகையாகச் சுரந்தால் அறுவை இல்லை. ஆல்டோஸ்டிரோனை எதிர்க்கும் மாத்திரை உண்டு.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குப் பொதுச் சிகிச்சைக் கட்டணம் 1 வெள்ளி. தேவைப்படுவோரை அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். செல்லும்போது உண்ணும் மாத்திரைகளின் உறைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். சில மாத்திரைகள் இரத்தச் சோதனையை மாற்றிக் காட்டும். ஆயினும் மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தலாகாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரத்தை இருமலுக்காக நெடுநாள் உண்பவர் அதையும் கூறவேண்டும். அதிமதுரம் மிகுந்தால் கொதிப்பு ஏறிப் பொட்டாசியம் இறங்கும்; கட்டி இல்லாமலே இந்நோய்போல் தோன்றும். கருவுற்றிருப்பதையும், சிறுநீரகக் கோளாறு இருப்பதையும், முன்னர் ஊசிமருந்து ஒவ்வாது போனதையும் படமெடுப்போரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். படமெடுப்பதால் வலி இல்லை. சில நிமிடங்கள் அசையாது படுத்து, சொன்னபோது மூச்சை அடக்கினால் போதும். ஊசி செலுத்தப்பட்டால் உடலெங்கும் வெப்பம் பரவுவதுபோல் தோன்றும். அது விரைவில் அடங்கிவிடும்.