சவேரியார் கற்ற தாழ்மை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது ஆறுமுகநேரி. வெயிலில் வெண்மையாக ஒளிரும் உப்பளங்கள் அவ்வூரின் அடையாளம். அதன் வடகிழக்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில், புன்னைக்காயல் என்னும் பழம்பதி அமைந்துள்ளது. தெற்கே திருச்செந்தூரையும் கடந்து சென்றால் மணப்பாட்டுக் குன்று தோன்றும். முத்துக் குளிக்கும் பரதவர் வாழ்ந்த இக்கடற்கரைக்கு 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேனாட்டார் ஒருவர் வந்து சேர்ந்தார். கையில் மணி ஏந்தி அவர் ஊர் ஊராக நடந்தார். அம்மணியோசை கேட்டுச் சிறுவரும் பெரியவரும் திரண்டனர். அவரே பிரான்சிஸ் சவேரியார்.

பணிவின் திருவுருவமாக இன்று போற்றப்படும் அப்பெரியார் இளமையில் அவ்வாறு இருந்தாரல்லர். அவர் 1506-ஆம் ஆண்டில் நவார் நாட்டில் ஒரு கோட்டையில் பிறந்தார். உயர்குடிச் செல்வமும் செல்வாக்கும் போரினால் சிதைந்தன; கோட்டையின் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. இழந்த பெருமையைக் கல்வியால் மீட்கக் கருதி, 1525-இல் பாரிஸ் மாநகரை அடைந்தார். அங்கே பட்டம் பெற்றார். மெய்ப்பொருள் நூல் கற்பிக்கும் ஆசிரியருமானார். அவ்வளவில் மனம் நிறையவில்லை. தம் குலத்தின் உயர்வை மெய்ப்பிக்கும் அரசுச் சான்று ஒன்றைப் பெறுவதற்கு 1531-இல் முயற்சி தொடங்கினார்.

அவர் தங்கியிருந்த அறையிலேயே இக்னேசியஸ் லொயோலா என்னும் மாணவரும் தங்கினார். போரில் கால் ஊனமுற்றவர், வயதில் மூத்தவர், பிறரிடம் இரந்து பெற்ற பொருளைக் கொண்டு படித்தவர். அவருடைய எளிய வாழ்வைச் சவேரியார் எள்ளி நகையாடினார். இக்னேசியஸ் சினம் கொள்ளவில்லை. நண்பருக்கு வேண்டிய உதவிகளைச் செய்தார். உலகம் முழுவதையும் பெற்று ஆன்மாவை இழந்தால் என்ன பயன் என்னும் கருத்தமைந்த நற்செய்தி வினாவை அவருக்கு இடையறாது நினைவூட்டியும் வந்தார். கல்லில் நீர் சொட்டுவது போல அவ்வினா மெல்ல மெல்ல வேலை செய்தது. 1534-இல் சவேரியார் தம் நண்பர்களுடன் வறுமை விரதம் பூண்டார். அவர் விரும்பிய குலச்சான்று 1536-இல் கிடைத்தது. அப்பொழுது அது அவருக்குத் தேவைப்படவில்லை!

1541-இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டார். போப்பாண்டவரின் தூதர் என்னும் உயர்ந்த பதவி அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. அத்தகையவர் ஏவலாள் இன்றிச் செல்வது தகாது என்றும், மாலுமிகளுக்கிடையே நின்று தம் ஆடையைத் தாமே துவைத்தால் மதிப்புக் குறையும் என்றும் அரசவைப் பெரியோர் ஒருவர் எடுத்துரைத்தார். இத்தகைய மதிப்பைத் தேடியதனாலேயே திருச்சபை தாழ்வுற்றது என்று விடையிறுத்துச் சவேரியார் ஏவலாள் இன்றியே கப்பலேறினார். சீடர்களின் பாதங்களைக் கழுவிய இயேசுவைத் தலைவராகக் கொண்டவர்க்கு ஆடை துவைப்பது எங்ஙனம் இழிவாகும்? கோவாவை அடைந்ததும் மருத்துவமனையில் தங்கி நோயாளர்க்குத் தொண்டு புரிந்தார்.

ஆயினும், அவருடைய தாழ்மைக்குக் கடுஞ்சோதனை நம் கடற்கரையிலேதான் காத்திருந்தது. பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தனர். தம் மொழியில் அதனைக் கற்பிப்பாரைப் பெற்றாரல்லர். சவேரியாரோ தமிழ் அறியாதவர். பாரிஸில் மாணவர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர் இங்கே மாணவராக அமர வேண்டியதாயிற்று. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பெருமுயற்சியுடன் செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றைக் குழந்தையைப் போல மனப்பாடம் செய்தார். ஒரு வித்தகருக்கு இதனினும் கடினமான வேலை உண்டோ? தாம் கற்றதைச் சிறுவர்க்குக் கற்பித்தார். அவர்கள் தம் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பித்தனர். எல்லா நோயாளரிடத்தும் தாமே செல்ல இயலாதபோது, அச்சிறுவர்களையே செபிக்க அனுப்பினார்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு ஒரு நெடிய கடிதம் வரைந்தார். பாரிஸ் முதலிய பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, கல்வியைப் பதவிக்குப் படியாகக் கொள்வோரைப் பித்தனைப் போல உரக்கக் கூவி அழைக்கத் தோன்றுகிறது என்னும் கருத்தை அதில் காண்கிறோம். ஒரு காலத்தில் தாமும் அவ்வழியில் நடந்தவர் அல்லரோ? அதே கடிதத்தில் இந்நாட்டுப் பிற சமயத்தாரைப் பற்றிய கடுஞ்சொற்களும் உள்ளன. அவற்றை நாம் ஏற்றுக்கொள்ளல் இயலாது. ஒருவகைச் செருக்கை விட்டவரிடத்தும் மற்றொரு வகை மறைந்து நிற்றல் கூடும் போலும்!

அவ்வாண்டிலேயே மீண்டும் இக்கரைக்கு வந்தார். இங்கே பணிபுரிந்த மான்சிலாஸ் என்னும் தோழருக்கு அடிக்கடி கடிதம் எழுதி, மக்களிடம் பொறுமையும் அன்பும் காட்டுமாறு வேண்டினார். அக்கடிதங்களுள் ஒன்றில் தமிழ்ச் சொல் ஒன்றைப் பற்றிய குறிப்பு வருகிறது. ‘கடவுளை விசுவசிக்கிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் செபத்தில் புகுந்திருந்தது. ஈராண்டாக மணி அடித்து ஊரெங்கும் கற்பித்த செபம் அது. பிழையை அவர் மூடி மறைக்கவில்லை. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்குமேயன்றி விசுவாசத்தைக் குறிக்காது என்று விளக்கி, இனி அதனை விடுத்துச் சரியான சொல்லையே கற்பிக்குமாறு தோழருக்கு எழுதினார்.