கோள்கள் சுழலுந் திசையும் கோயில் வலமும்

"நவக்கிரகங்களை நாம் வலமாகச் சுற்றுகின்றோம். கோள்களோ சூரியனை இடமாகச் சுற்றுகின்றன என்று பாடப்புத்தகங் கூறுகின்றது. இவற்றுள் எது சரி?" என்று மாணாக்கனொருவன் வினவுவானாயின் ஆசிரியர் யாது கூறுதல் வேண்டும்? சிலர் அவனை அதட்டி அமர்த்துவர். சிலர் கோள்களும் வலமாகவே செல்வனவென்று துணிந்து கூறிவிடுவர். முன்னது அறிவை அடைப்பது, பின்னது பொய். இரண்டும் ஆசிரியர்க்கு அடாதன. ஆதலின் இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கண்ணாற் காண்பதைக் காட்டுக. வினாயகபுரம் போன்ற கீழைக் கடற்கரையூர்களில் இது மிக எளிது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலையிற் பிறை மேற்கே நிலப்பக்கத்தில் தோன்றும். மறுநாள் அதே வேளையில் நோக்கின், சற்றுக் கிழக்கே விலகி நிற்கும். இவ்வாறு நாடோறும் ஏறக்குறைய 13 பாகை கிழக்கே சென்று, பூரணையன்று மாலையிற் கடலினின்றும் எழும். வானவீதியை 27 நட்சத்திரங்களாக, ஒன்றற்கு 13 பாகை 20 கலையாக நம் முன்னோர் வகுத்ததும் இந்நடை பற்றியேயாம். சந்திரன் நாடோறும் கிழக்கே உதித்து மேற்கே மறைதல் பூமி சுழலுதலாலாகிய தோற்றம். கிழக்கு நோக்கிய செலவே அதன் சொந்தச் செலவென்க. அதனாலன்றோ அது நாடோறும் ஏறக்குறைய இரண்டு நாழிகை பிந்தி உதிக்கின்றது.

இனி, பூமியின் வடபுறத்தே மிக உயர நின்று நோக்கின், பூமி தன்னைத்தான் சுற்றுதலும், சந்திரன் பூமியைச் சுற்றுதலும், எட்டுக் கோள்களும் சூரியனைச் சுற்றுதலும் இடஞ்சுழியேயாம். இவ்வொற்றுமை எற்றாலெனின், ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சுழன்றுகொண்டிருந்த ஒரே வாயு முகில் சுருங்கியே சூரியனுங் கோள்களும் உண்டாயினமையால் என்க.

விலக்குகளும் உள. வெள்ளி தன் அச்சில் எதிர்த்திசையிற் சுழல்வது. ஒரு சுழற்சிக்கு 243 நாட் செல்லும். அது சூரியனைச் சுற்றுதற்கோ 225 நாளே ஆகும். யுரேனஸ் 98 பாகை சாய்ந்து உருளுவதுபோற் சுழல்கின்றது. 1846 இல் கண்டறியப்பட்ட திரைட்டன் என்னும் நெப்டியூனின் சந்திரன் எதிர்த்திசையிற் சுற்றுகின்றது; அது வேறிடத்தினின்றும் வந்து அகப்பட்டதென்பர். செவ்வாயின் போபோஸ் அங்கே மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும். ஆயினும் அது எதிர்த்திசையிற் செல்வதன்று. செவ்வாய் ஒருமுறை சுழலுமுன் மும்முறை சுற்றிவிடும் விரைவினாலேயே அங்ஙனந் தோன்றும்.

பஞ்சாங்கங் கூறும் வக்கிரமும் அத்தகைய தோற்றமே. பூமி செவ்வாயைக் கடந்து முந்துங்கால் அது பின்செல்வதுபோற் காணப்படும். இராகு கேதுக்களோ கோளங்களல்ல. சந்திரன் செல்லும் வழி சூரியன் செல்லும் வழியை வெட்டும் இரு புள்ளிகளாம். அவை மெய்யாகவே பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கும். அவை எப்பொழுதும் பின்செல்வனவென்று பஞ்சாங்கங் கொள்வது பொருத்தமே.

இனி மாணாக்கனுடைய வினாவுக்கு வருவாம். எண்ணெய் பூசிய தாளொன்றில் வட்டம் வரைந்து, அதில் இடஞ்சுழியாக அம்புக்குறியிடுக. தாளைத் திருப்பிப் பின்புறமாக நோக்கச் செய்க. அம்பு வலஞ்சுழியாகத் தோன்றும். அங்ஙனமே தென்புறத்தினின்று நோக்குவார்க்குக் கோள்களெல்லாம் வலமாகவே செல்லும். ஆகவே, எப்பக்கத்தினின்று நோக்குகின்றோமென்று கூறாது இடம் வலம் என்றல் நிரம்பாது.

கோயிலில் வலம் வருதலோ வணங்கப்படும் பொருளை நம் வலப்பக்கத்தே வைத்துச் செல்லும் மரியாதை. அது நம் உடம்பை அளவாகக் கொண்டது. வானத்தை அளவாகக் கொண்டதன்று. ஒன்றற்கொன்று சான்றுமன்று, பகையுமன்று.

ஆசிரியர்காள், சமயத்துக்குப் பெருமை தேடுவதாக எண்ணி வானநூலிற் பொய் கலவாதிருப்பீராக. இன்று நம்பிய பிள்ளை நாளை உண்மை அறியும்பொழுது, அப்பொய்யோடு நாம் கற்பித்த மெய்யையும் உடன் தள்ளிவிடுவான். தெரியாத வினா எழுமாயின், "ஆராய்ந்து நாளை கூறுவேன்" என்க. அதனால் ஆசிரியர்க்கு இழுக்கில்லை. வரும் பிறைநாளில் மாணாக்கரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்க. எஞ்சியவற்றைச் சந்திரனே கற்பிக்கும்.