எஞ்சினில் நட்டு விழுந்துவிட்டதா?

முதலில் கையை எடுங்கள். சாவியைத் திருப்பவே வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, சூடு ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பல கார்களில் விழுந்த நட்டு எஞ்சினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டில்தான் கிடக்கும்.

இரும்பு நட்டுக்கு நீளும் காந்தக் குச்சி போதும். வழியில் மற்ற இரும்பில் ஒட்டி இம்சை தந்தால், நுனி மட்டும் தெரியும்படி குச்சிக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டுங்கள்.

பித்தளையும் அலுமினியமும் காந்தத்துக்கு மசியாது. பீங்கானும் அப்படித்தான், விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, பீங்கானில் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற ஊர். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதியும் அலுமினா பீங்கான்தான். பிளக் உடைந்து அதன் சில்லு சிலிண்டருக்குள் போனால், குச்சி நுனியில் கெட்டி கிரீஸ் தடவி ஒற்றி எடுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், வீட்டு வேக்குவம் கிளீனரைக் கொண்டுபோகாதீர்கள். சில்லு முழுதாக வரவில்லையென்றால் எஞ்சினை ஓட்டவே கூடாது. சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். கேமரா விட்டுப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை பிளக்கைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள். திறந்த துளைகளைப் பஞ்சு உதிராத துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணியும் வையுங்கள்.