தினமும் போடுற மோதிரம்: மங்கினா நஷ்டம் இல்ல, எடை குறைஞ்சாதான் நஷ்டம்!



பீரோவுக்குள்ள இருக்கிற ஆரத்துக்கும் நெக்லஸுக்கும் நாம காட்டுற அக்கறையில பாதிகூட விரல்ல கிடக்கிற மோதிரத்துக்குக் காட்டுறது இல்ல. ஆனா பாத்திரம் தேய்க்கிறது, துணி துவைக்கிறது, பாத்ரூம் கழுவுறது, ஹேண்ட் சானிடைசர் போடுறதுன்னு எல்லா வேலையிலயும் நம்மகூட இருக்கிறது அந்த மோதிரம்தான்.

ரெண்டு மூணு வருஷத்துல அது மங்கிடும். உடனே நிறைய பேர் என்ன பண்றாங்க? "பழசாயிடுச்சு, மாத்திட்டு புதுசு எடுத்துக்கலாம்"னு கடைக்குப் போயிடுறாங்க. பணம் கரையுற இடம் இதுதான். முதல்ல இந்தக் கணக்கைப் பார்த்துட்டு, அப்புறம் பராமரிப்புக்கு வருவோம்.

மாத்துறதுக்கு ஆகுற செலவு எவ்வளவு?

கணக்கு சுலபமா இருக்க, ஒரு கிராம் 22 கேரட் தங்கம் 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். (இன்னைக்கு விலை வேற இருக்கும். அதைப் போட்டு நீங்களே பார்த்துக்கலாம்.) மோதிரம் 4 கிராம், செய்கூலி சேதாரம் எல்லாம் சேர்த்து 12 சதவீதம்.

- தங்கத்தோட விலை: 40,000 ரூபாய்
- செய்கூலி, சேதாரம் 12%: 4,800 ரூபாய்
- ஜிஎஸ்டி 3%: 1,344 ரூபாய்
- மொத்தம்: 46,144 ரூபாய்

பழைய மோதிரத்தைக் கடைக்காரர் ஒரு பைசா கழிக்காம முழு 4 கிராமுக்கு எடுத்துக்கிட்டாலும், உங்களுக்குக் கிடைக்கிறது 40,000 ரூபாய்தான். மீதி 6,144 ரூபாயை நீங்க கையிலிருந்து போடணும். போட்ட பிறகும் விரல்ல இருக்கிறது அதே 4 கிராம் தங்கம்தான். ஆக, வெறும் பளபளப்புக்காக 6,144 ரூபாய் கொடுத்திருக்கோம். சோப்புத் தண்ணியில பத்து நிமிஷத்துல கிடைச்சிருக்க வேண்டிய பளபளப்பு அது.

அதனால ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்குங்க. நிறம் மங்குறது திரும்ப சரி பண்ணக்கூடியது. எடை குறையுறதும் கல் கெடுறதும் திரும்ப வராதது. நம்ம கவனம் முழுக்க ரெண்டாவது விஷயத்துல இருக்கணும்.

தண்ணி தங்கத்தைக் கெடுக்குமா?

சுத்தமான தண்ணி தங்கத்தை ஒண்ணும் பண்ணாது. தங்கம் துருப்பிடிக்காத உலோகம். ஆனா நாம போடுறது சுத்தத் தங்கம் இல்ல. 916னு சொல்ற 22 கேரட்ல 91.6 சதவீதம்தான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி மாதிரி உலோகங்கள். 18 கேரட்ல தங்கம் 75 சதவீதம், கலப்பு 25 சதவீதம். வியர்வைக்கும் உப்புக்கும் கறுக்கிறது இந்தக் கலப்புதான். கேரட் குறையக் குறைய கறுக்கிற வாய்ப்பும் கூடும்.

மோதிரம் போட்ட விரல்ல கறுப்புக் கோடு விழுந்தா "கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு முடிவு பண்ண வேண்டாம். கலப்பு உலோகம் வியர்வையோட சேர்ந்தாலும் அப்படி ஆகும், விரல்ல இருக்கிற பவுடர், கிரீம் உரசினாலும் ஆகும். சந்தேகம் இருந்தா மோதிரத்தோட உள்பக்கம் பாருங்க. பிஐஎஸ் முத்திரை, 22K916 மாதிரி தர எண், ஆறு இலக்க எச்யுஐடி, இந்த மூணும் இருக்கணும். எச்யுஐடியை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா விவரம் வரும். 2023 ஏப்ரல் 1-லிருந்து கடையில விற்கிற ஹால்மார்க் நகையில எச்யுஐடி கட்டாயம். ஆனா 2 கிராமுக்குக் கீழ இருக்கிற நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல. லைட் வெயிட் மோதிரம் வாங்குறவங்க, பில்லுல கேரட்டை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்குங்க.

உண்மையான எதிரிகள் யார்?

1. பிளீச்சிங் பவுடர், நீச்சல் குளம்: குளோரின் கலப்பு உலோகத்தை அரிக்கும். குறிப்பா மோதிரத்தைப் பத்தவச்ச இடமும், கல்லைப் பிடிச்சிருக்கிற கம்பியும் பலவீனமாகும். குழாய்த் தண்ணியில இருக்கிற கொஞ்சம் குளோரினுக்குப் பயப்பட வேண்டாம். பிளீச்சிங் பவுடர்ல நேரா கை வைக்கிறதும், தினமும் நீச்சல் குளத்துல இறங்குறதும்தான் பிரச்சினை.

2. ஸ்க்ரப்பர், கம்பி நார், மண்: தங்கம் ரொம்ப மிருதுவான உலோகம். பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரத்தோட மோதிரமும் தேயுது. ஒரு நாள்ல தெரியாது. பல வருஷம் போட்ட மோதிரத்தைக் கழட்டி, உள்ளங்கைப் பக்கம் இருக்கிற வளையத்தைப் பாருங்க, மேல் பக்கத்தைவிட மெலிஞ்சிருக்கும். 4 கிராம் மோதிரத்துல 200 மில்லிகிராம் தேஞ்சா, நம்ம கணக்குப்படி 2,000 ரூபாய் சிங்க்ல போயிடுச்சு.

3. பாதரசம்: உடைஞ்ச பழைய தெர்மாமீட்டர்ல இருக்கிற பாதரசம் தங்கத்துல பட்டா, தங்கம் வெள்ளையாகி உதிரக்கூட செய்யும். சில தரமில்லாத சிகப்பழகு கிரீம்கள்லயும் பாதரசம் இருக்கும். கிரீம் போட ஆரம்பிச்ச பிறகு மோதிரம் வெளுத்தா, முதல்ல அந்தக் கிரீமை நிறுத்துங்க. மோதிரத்தைவிட உங்க உடம்புக்குத்தான் அது பெரிய ஆபத்து.

4. வழுக்கல்: குளிர்ந்த தண்ணியில விரல் சுருங்கும். கூட எண்ணெயோ சோப்போ இருந்தா மோதிரம் கழண்டு போறதே தெரியாது. குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சுட்டு அருவிக்குப் போறவங்க, கடல்ல இறங்குறவங்க, மோதிரத்தை ரூம்லயே வச்சுட்டுப் போங்க. தேய்மானத்துல மில்லிகிராம் கணக்குல போறது, இங்க ஒரே நிமிஷத்துல மொத்தமா போயிடும்.

மோதிரம் லூசா இருந்தா நூல் சுத்திப் போடுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. ஈர நூல்ல சோப்பும் அழுக்கும் தங்கி, தோல் அரிக்கும், மோதிரமும் கறுக்கும். அளவைச் சரி பண்ணிப் போடுறதுதான் நல்லது.

கல் வச்ச மோதிரத்துக்கு தனி விதி

வைரம், மாணிக்கம், நீலம் இந்த மூணும் கடினமான கல். சோப்புத் தண்ணியைத் தாங்கும். முத்தும் பவளமும் அப்படி இல்ல. ரெண்டுமே கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு இனம். எலுமிச்சை, புளி, வினிகர் பட்டா மேல்பக்கம் கரைஞ்சு பளபளப்பு போயிடும். மரகதத்துல இருக்கிற நுண்ணிய விரிசல்களை எண்ணெய் வச்சு நிரப்புறது வழக்கம். அதனால வெந்நீரும் கடையில இருக்கிற அல்ட்ராசோனிக் மெஷினும் மரகதத்துக்கு ஆகாது.

நவரத்தின மோதிரம் போட்டிருக்கீங்களா? அதுல முத்து, பவளம், மரகதம் மூணும் இருக்கு. ஒன்பதுல பலவீனமான கல் எதுவோ, அதுக்கு ஏத்த மாதிரிதான் மொத்த மோதிரத்தையும் பார்த்துக்கணும். ஊற வைக்காதீங்க. ஈரத் துணியால துடைச்சு, உடனே காய்ஞ்ச துணியால ஒத்தி எடுங்க. அடிப்பக்கம் மூடி, கல்லுக்கு அடியில மினுக்குத் தாள் வச்சுக் கட்டின மோதிரத்துக்கும் இதே விதிதான். உள்ள தண்ணி போனா கல் இருண்டுபோகும், பிரிச்சுக் கட்டினாதான் சரியாகும்.

இன்னொரு விஷயம். அடகு வச்சாலும் வித்தாலும் கல்லோட எடையைக் கழிச்சுட்டுத்தான் தங்கத்துக்குக் கணக்கு. அதனால வாங்கும்போதே மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூணும் பில்லுல தனித்தனியா இருக்கணும்.

வெள்ளி மோதிரம், மெட்டி

வெள்ளி கறுக்கிறதுக்குக் காரணம் தண்ணி இல்ல, கந்தகம். காத்துல, வியர்வையில, முட்டையில, வெங்காயத்துல, ரப்பர்ல இருக்கிற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து கறுப்புப் படலமா உட்காருது. ஈரம் இருந்தா அது இன்னும் வேகமா நடக்கும். வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீங்க.

இதை வீட்டிலேயே எடுக்கலாம். ஒரு கிண்ணத்துல அலுமினியம் ஃபாயில் விரிச்சு, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, நல்ல சூடான தண்ணி ஊத்துங்க. மோதிரம் ஃபாயிலைத் தொடுற மாதிரி வையுங்க. சில நிமிஷத்துல கறுப்பு போயிடும். வெள்ளியைப் பிடிச்சிருந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறுது, வெள்ளி அப்படியே மோதிரத்துல தங்குது. லேசா முட்டை நாத்தம் வந்தா பயப்படாதீங்க, அது அந்தக் கந்தகம்தான். கல் வச்சதுக்கும், டிசைனுக்காக வேணும்னே கறுப்பாக்கின ஆக்சிடைஸ்டு நகைக்கும் இது வேண்டாம்.

விபூதி போட்டுத் தேய்க்கிறது நம்ம வீட்டுப் பழக்கம். எப்பவாவது செய்யலாம், ஆனா அது தேய்ச்சு எடுக்கிற முறை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்து போகும். மெட்டி ஏற்கெனவே தரையில உரசி மெலியுற பொருள், அதை அடிக்கடி தேய்க்காதீங்க.

கவரிங், ஒரு கிராம் கோல்டு மோதிரம்

மேல இருக்கிறது ரொம்ப மெல்லிய தங்க முலாம். தேய்ச்சா முலாம் போயிடும், உள்ள இருக்கிற செம்பு பச்சையா விரல்ல ஒட்டும். இதைச் சுத்தம் பண்ண துடைச்சாலே போதும். சென்ட், கிரீம் எல்லாம் போட்டு முடிச்ச பிறகு கடைசியா போடுங்க. மறுவிற்பனை மதிப்பு கிட்டத்தட்ட இல்லாததால இது முதலீடு இல்ல, செலவு. அப்படி நினைச்சு வாங்குங்க.

தங்க மோதிரத்தை வீட்டில் சுத்தம் பண்றது எப்படி?

வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, இல்லைன்னா ஊற வச்ச பூந்திக்கொட்டைத் தண்ணி. பத்து நிமிஷம் ஊறட்டும். குழந்தைங்க டூத்பிரஷ்ஷால கல்லுக்கு அடியில, இடுக்குல மெதுவா தேயுங்க. இன்னொரு கிண்ணத்துத் தண்ணியில அலசுங்க. ஓடுற குழாய்க்கு அடியில, சிங்க் ஓட்டைக்கு மேல அலசவே கூடாது. பருத்தித் துணியில துடைச்சு, முழுசா காய்ஞ்ச பிறகு போடுங்க. மாசம் ஒரு தடவை போதும். டூத்பேஸ்ட் வேண்டாம், அது மிருதுவான தங்கத்துல கீறல் போடும்.

வாசலுக்கு வர்ற பாலிஷ்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீங்க. "உங்க கண் முன்னாடியே பளபளன்னு ஆக்கித் தர்றேன்"னு சொல்லி, ராஜ திராவகம் கலந்த தண்ணியில முக்கி எடுக்கிற மோசடி ரொம்ப நாளா நடக்குது. அந்தத் திராவகம் தங்கத்தையே கரைக்கும். மோதிரம் பளபளன்னு திரும்பி வரும். கரைஞ்ச தங்கம் அவர் கிண்ணத்துல போகும். கடையில பாலிஷ் போட்டாலும், முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை உங்க கண் முன்னாடி எடை போடச் சொல்லுங்க. கேட்கிறதுக்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்க பணம்.

இந்த வாரம் செய்ய வேண்டிய 4 வேலை

1. தினமும் போடுற மோதிரத்தோட இன்றைய எடையை எழுதி வையுங்க. தெரிஞ்ச நகைக்கடையில போட்டுக் கேட்கலாம். 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினா வீட்டு நகை எல்லாத்துக்கும் உதவும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே தேதியில எடை பாருங்க.

2. சிங்க்கிட்டயும் பாத்ரூம்லயும் சுவர்ல ஒரு கொக்கியோ சின்ன மூடி போட்ட டப்பாவோ வையுங்க. கழட்டினா அங்கதான் வைக்கணும், ஜன்னல் கட்டையில வைக்கக் கூடாது.

3. கல் ஆடுதான்னு காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. சத்தம் வந்தா அன்னைக்கே கழட்டிடுங்க. பிடியை இறுக்குறதுக்கு ஆகுற செலவு, கல் விழுந்தா ஆகுற செலவுல ஒரு துளி.

4. பில், எச்யுஐடி எண் ரெண்டையும் போட்டோ எடுத்து, வீட்டுல இன்னொருத்தருக்கும் அனுப்பி வையுங்க.

அடுத்த தடவை மோதிரம் மங்கினா, நகைக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி சமையலறைக்குப் போங்க. கழுவிப் பாருங்க, எடை போட்டுப் பாருங்க. எடை சரியா இருந்தா, அந்த 6,144 ரூபாய் உங்க கையிலேயே இருக்கட்டும். அடுத்த தடவை தங்கம் சேர்க்கும்போது உதவும்.