கரண்டு அடுப்பு ரத்தத்தை உறிஞ்சாது

“கரண்டு அடுப்புல காந்தம் இருக்கு. ரத்தத்துல இருக்கிற இரும்பை இழுத்துடும்.” ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருப்பதில்லை. அதுவும் ரத்தசோகை உள்ள பெண்களிடம் போய்ச் சொல்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

இண்டக்‌ஷன் எனப்படும் அந்த அடுப்பில் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரம் விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிறது. காந்தப்புலமும் கூடவே மாறுகிறது. மாறும் புலம் இரும்புப் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரம் சூடாகிறது. இதுதான் மின்காந்தத் தூண்டல். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டதும் இதையே: சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்னோட்டம் உண்டு, அசையாமல் வைத்தால் இல்லை. இழுப்பது வேறு, தூண்டுவது வேறு.

ரத்தத்துக்கு வருவோம். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணித்துண்டு அல்ல. தனித்தனி அணுக்களாகப் புரதத்தில் பிணைந்திருப்பது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதே இல்லை. மிக மிக மெலிதாகத் தள்ளுகிறது. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியில் சாதாரணமாக 1.5 டெஸ்லா, அதாவது ஏறத்தாழ 37,000 மடங்கு. அதற்குள் படுத்து எழுந்தவர் யாருக்காவது ரத்தத்தில் இரும்பு குறைந்ததா? இதே புரளியைத் திருப்பிப் போட்டு, ரத்த ஓட்டம் கூடும் என்று காந்தப் படுக்கையும் விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

சோற்றில் கரண்டு ஏறும் என்பதும் பொய். மண்சட்டி சூடாகாது என்பது மட்டும் மெய். சுட்ட மண்ணில் மின்சாரம் ஓடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இந்த அடுப்பைப் பயன்படுத்துங்கள். இன்னொரு புரளி: இந்த மலையில் காந்த சக்தி இருப்பதால்தான் இங்குள்ள காவலூரில் தொலைநோக்கி வைத்தார்களாம்! வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தது இருண்ட, தெளிந்த வானத்துக்காக. அங்கிருந்து தென்வானமும் நன்றாகத் தெரியும்.

பயப்பட வேண்டியது விறகுப் புகைக்கு. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. காந்தத்துக்கு அஞ்சி அந்தப் புகைக்கே பெண்களைத் திரும்ப அனுப்பாதீர்கள். ரத்தம் குறைவாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரையை வாங்கித் தவறாமல் சாப்பிடுங்கள். வசதி உள்ள வீட்டில் சாமைச் சோறு கரண்டு அடுப்பிலேயே வேகட்டும்.