எந்த நூலகம் முதலில்?

விண்டோஸ் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட நிரல், கோப்பைத் திறத்தல், சாளரம் வரைதல் போன்ற பணிகளைத் தானே செய்வதில்லை; விண்டோஸிலுள்ள நூலகங்களை அழைத்துச் செய்துகொள்கிறது. டி.எல்.எல். என்னும் பின்னொட்டுடைய கோப்புகளே அந்நூலகங்கள். லினக்ஸில் அவை இல்லை. ஆகவே, அந்த அழைப்புகளுக்கு மறுமொழி தரும் பணியை 'வைன்' என்னும் கட்டற்ற மென்பொருள் ஏற்கிறது. 1993இல் தொடங்கப்பெற்ற இதன் 1.0 பதிப்பு 2008இல்தான் வெளிவந்தது. மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பாராமல், நூலகங்களின் நடத்தையை மட்டும் கொண்டு அவற்றைப் புதிதாக எழுதுவது எளிய செயலன்று.

அவ்வாறு எழுதப்பட்டவை உள்ளமை நூலகங்கள். விண்டோஸுக்கென உருவானவை மூல நூலகங்கள். பெரும்பாலும் உள்ளமை நூலகங்களே போதும். எனினும், பழைய உரைத்தொகுப்பி ஒன்றில் தடித்த எழுத்தும் வண்ணமும் குலைந்து தோன்றுவதாகக் கொள்வோம். வடிவமைத்த உரையைக் காட்டுவது 'ரிச்எட்20' நூலகத்தின் பணி. ஐயம் அதன்மீதே எழவேண்டும்.

'வைன்சிஎஃப்ஜி' என்னும் கட்டளையை இட்டால் அமைவுச் சாளரம் திறக்கும். நேரே நூலகப் பகுதிக்குச் செல்லாதீர்கள். முதலில் பயன்பாடுகள் பகுதியில் அந்த உரைத்தொகுப்பியைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பலரும் தவறவிடும் படி இதுவே. தவறவிட்டால் மாற்றம் எல்லா நிரல்களையும் பாதிக்கும். பின்னர் நூலகப் பகுதியில் பெயரை இட்டுச் சேர்த்து, 'மூலம், பின்னர் உள்ளமை' என்னும் வரிசையைத் தெரிவு செய்க. மூலக் கோப்பு கிடைக்காவிடில் வைன் தன் நூலகத்தையே பயன்படுத்தும். 'மூலம்' மட்டும் எனத் தெரிவு செய்திருந்தால் அந்த மாற்றுவழி இராது. நிரல் தொடங்காமலே நின்றுவிடக்கூடும். நூலகத்தை முற்றிலும் முடக்கும் தெரிவும் உண்டு.

மூலக் கோப்பை நிரலின் கோப்புறையில் இடலாம். 32 பிட் நிரலுக்கு 32 பிட் கோப்பே பொருந்தும். அதைப் பயன்படுத்தும் உரிமம் நமக்கு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்டிடிஎல்எல், கெர்னல்32 ஆகியவற்றுக்கு இம்முறை ஒவ்வாது. அவற்றின் மூல வடிவங்கள் விண்டோஸின் கருவகத்தை நம்பி இயங்குபவை. லினக்ஸில் அக்கருவகம் இல்லை. இத்தகைய பெயரைச் சேர்க்க முயன்றால் வைனே எச்சரிக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் தனி வைன் கோப்புறை வைத்துக்கொண்டால், அமைவு குலைந்தாலும் அந்த ஒரு கோப்புறையை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம்.