ஐப்பசி அடைமழை: தறிக்குழியும் மாவுப் பாத்திரமும்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரம் செவிலிமேட்டுத் தறி வீடுகளில் கூரையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தறிக்குழியையும் எட்டிப் பாருங்கள். விடாத மழையில் குழியின் அடியில் ஈரம் ஊறலாம். நெசவாளர் நாள் முழுக்கக் காலை அதற்குள் விட்டுத்தான் மிதி மிதிக்கிறார். எலி நடமாடும் வீடென்றால் அதன் சிறுநீர் கலந்த ஈரத்தில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிராய்ப்பு, பித்தவெடிப்பு வழியாக உடம்புக்குள் நுழையும். ஊறிப்போன தோலும் அதற்கு வழிவிடும். எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருகிறது.

குழியில் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் உட்காருங்கள். கால் புண்ணுக்கு நீர் புகாத கட்டுப் போடுங்கள். பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் பாவையும் சரிகையையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். குளோரின் பட்டை அரித்துவிடும். தீபாவளிச் சேலைக்கு நாள் நெருங்குகிறது என்று ஈரக்குழியில் இறங்குபவர்கள் உண்டு. சேலை ஒரு நாள் தாமதமானால் முதலாளி குடி முழுகிப் போகாது.

காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தறிக்குழியில் வேலை செய்வதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். கடையில் மாத்திரை கேட்டு வாங்கி நாளைக் கடத்தாதீர்கள்.

கஞ்சி போட்ட பாவை அரை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயில் இல்லாத நாளில் கஞ்சி போடாமலிருப்பதே மேல்.

இதே ஈரக்காலத்தில் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் சோம்பிப்போகின்றன. வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகிற இட்லியானாலும் வீட்டு இட்லியானாலும், மாவைப் பொங்க வைப்பது லியூகோநாஸ்டாக் போன்ற லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள்தான். குளிரில் அவை மெதுவாகவே பெருகும். மாவை அடுப்படி ஓரத்தில் மூடி வைத்து, கோடையைவிடச் சில மணி நேரம் கூடுதலாக விடுங்கள். சோடா உப்புப் போட்டால் மாவு உப்பும், புளிப்பு வராது; அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைப்பது. மேலே கறுப்பாகவோ சிவப்பாகவோ திட்டுப் பூத்திருந்தால் வழித்துப் போட்டுவிட்டு மீதியை ஊற்றலாமா என்று யோசிக்க வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

குடிதண்ணீர் கலங்கலாகவோ வாடையோடோ வந்தால் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். கைக்குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

ஏடிஸ் கொசு பரப்பும் டெங்கு வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது; அதனால் கொசு பெருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில்லாமலே மாதக்கணக்கில் தாங்கும் என்பதால் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது.